நண்டு முற்றத்துப் படிக்கட்டு

மார்ச் 4, திங்கள்

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். மனிதர்களிடம் சொல்ல முடியாவிட்டால் இந்த நோட்டிடமாவது சொல்கிறேன்.

காலையில் அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு. இந்த மாதம் 29ஆம் தேதி பேராசிரியர் குவால்த்தியேரோ பிரெஸ்ஸனீனுக்கு எண்பது வயது நிறைகிறது. அதை ஒட்டி, பல்கலைக்கழக மாளிகை முற்றத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிற பழைய படிக்கட்டுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். பளிங்குப் பலகை செதுக்கக் கொடுத்தாயிற்று. மாளிகையைச் சுற்றிக் காட்டும் ஊழியர்கள் அனைவரும் கறுப்புக் கோட்டில் வரவேண்டும்.

அந்த ஊழியர்களில் நானும் ஒருவன். அந்தப் படிக்கட்டைக் கண்டுபிடித்தவனும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. கட்டடக்கலை வரலாற்றில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் ஒரு தூண் விடாமல் அளந்தேன். கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை, எல்லா வளைவும் ஒரே அகலம். வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு வளைவு குறுகல். ஒரு சாண் குறைவு. எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அதைப் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். நான் நின்றேன். அதன் பின்னால் விளக்குமாறும் வாளியும் போட்டுவைக்கிற அறை. அதற்குள், சுவரோடு சுவராக மேலே ஏறுகிற ஒரு செங்கல் படிக்கட்டு. செங்கற்கள் மாளிகையின் செங்கற்கள் இல்லை. நீளமானவை, பழையவை. பல்கலைக்கழகம் வருவதற்கு முன் இங்கே நண்டு என்றொரு மதுவிடுதி இருந்தது. ஊர் இன்றைக்கும் இந்த மாளிகையை நண்டு என்றுதான் சொல்கிறது. அப்படியானால் இது விடுதியின் படிக்கட்டு. முற்றத்தைக் கட்டியவன் அதை இடிக்க மனம் வராமல் தன் வளைவைச் சுருக்கிக்கொண்டான். ‘கல்வி இங்கே மதுக்கடைக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறது’ என்று எழுதினேன். அந்த வாக்கியம் வந்த மாலையில் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன்.

என் ஆய்வை மேற்பார்வையிட்டவர் பிரெஸ்ஸனீன். படித்துவிட்டு, “மோசமில்ல தம்பி” என்றார்.

பிறகு அவருடைய புத்தகம் வந்தது. முதல் பக்கத்தின் முதல் வாக்கியம் என்னுடையது. என் பெயர் எங்கும் இல்லை. நன்றியுரையில் அவருடைய பூனையின் பெயர் இருந்தது.

அந்த நேரத்தில் ஏன் கத்தவில்லை? துறையில் ஓர் இடம் காலியாகப்போகிறது, பொறு என்று சொல்லியிருந்தார். பொறுத்தேன். இடம் அவருடைய பல் மருத்துவரின் மருமகனுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு கத்தியிருந்தால் வேலை கிடைக்காத ஆத்திரத்தில் கத்துகிறான் என்றிருப்பார்கள். பள்ளிக்கூடங்களில் விடுப்பில் போனவர்களுக்குப் பதிலாகப் பாடம் நடத்தினேன். கடைசியில் திரும்பி இங்கேயே வந்து, என் படிக்கட்டை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கப்பட்ட உரையை மாற்றக் கூடாது. உரையில் எழுதியிருக்கிறது: ‘பேராசிரியர் பிரெஸ்ஸனீன் கண்டுபிடித்த இந்தப் படிக்கட்டு...’

தினமும் என் வாயாலேயே.

மார்ச் 5, செவ்வாய்

மழை. மூன்று குழுக்கள். மூன்று குழுவும் கேட்ட ஒரே கேள்வி: கழிவறை எங்கே?

மார்ச் 7, வியாழன்

பெர்காமோவிலிருந்து ஒரு தம்பதி. கணவன் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நான் சொல்வதை முழுதாகக் கேட்டாள். உடற்கூறு அரங்கில் எல்லாரும் வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே பிணம் அறுத்து எத்தனை நூற்றாண்டு ஆயிற்று? மாணவர்கள் நின்று பார்த்த அந்த வால்நட் மர அடுக்குகளில் இப்போது மெழுகு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு படிக்கட்டு. உரையைச் சொன்னேன்.

அவள் கேட்டாள்: “இதுக்கு முன்னாடி யாருமே இந்தப் படியப் பாக்கலியா?”

“பாத்தாங்க மேடம். விளக்குமாறு எடுக்கப் போறவங்க தினமும் பாத்தாங்க.”

“அப்புறம் ப்ரொபசர் என்னத்தக் கண்டுபிடிச்சாரு?”

கணவன் கேமராவை இறக்காமலே சொன்னான்: “நம்ம வீட்டுல கூடத்தான் நான் தினமும் இருக்கேன். நீ இன்னும் கண்டுபிடிக்கல.”

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி அது. நான் பதில் சொல்லியிருக்கலாம். ‘பார்ப்பது வேறு, மேடம், அது என்ன என்று சொல்வது வேறு, அதைச் சொன்னவன் உங்கள் முன்னால் நிற்கிறான்’ என்று. சொல்லவில்லை. பரிசுக் கடை இந்தப் பக்கம் என்றேன். அங்கே படிக்கட்டு போட்ட கோப்பை விற்கிறார்கள்.

மார்ச் 9, சனி

நீவெஸ் என்னைப் போலவே சுற்றிக் காட்டுகிறவள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்து மேசை. அவள் மகள் ஜியாதா 27ஆம் தேதி பட்டம் வாங்குகிறாள். பட்டம் வாங்குகிறவர்களைக் கேலி செய்து சுவரில் ஒட்டுகிற பாப்பிரோவுக்கு வரிகள் எழுதித் தரச் சொன்னாள். இங்கே யாருக்காவது பட்டம் என்றால் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். கசந்துபோனவனுக்கு எதுகை நன்றாக வரும் என்று நினைக்கிறார்கள் போலும். உண்மைதான்.

“அவ மொத காதலன எழுதலாமா?” என்று கேட்டேன்.

“எழுது. ரெண்டாவது ஆள எழுதாத. அவன் விருந்துக்கு வர்றான்.”

“ஓட்டுநர் தேர்வு?”

“ஐயோ, அதை எழுதலேன்னா பாப்பிரோவே இல்ல. பூ விக்கிறவன் வண்டில போய் மோதுனாளே.”

ஆளுயரக் காகிதம். மேலே பட்டம் வாங்குகிறவளின் பெயர், பெரிய எழுத்தில். நடுவில் அசிங்கமான கேலிச்சித்திரம். சுற்றிலும் அவள் பிறந்த நாளிலிருந்து செய்த முட்டாள்தனங்கள் எல்லாம் எதுகை மோனையோடு. நண்டு வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுவார்கள். லாரல் இலைவளையத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவளே அதைச் சத்தமாகப் படிக்கவேண்டும். தடுமாறினால் ஒரு வாய் குடிக்கவேண்டும். அம்மா, அப்பா, அத்தை எல்லாரும் பக்கத்தில் நின்று கேட்பார்கள்.

நான் எழுதியதில் இரண்டு வரி:

*பூக்கடை கண்டால் வண்டி நிற்கும், பூவையர் மனம் மென்மை;*
*பூக்கடைக்கு உள்ளே போய் நிற்கும், புதிய பிரேக்கின் தன்மை.*

நீவெஸ் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கேட்டாள்: “உன்னோடதுல என்ன எழுதியிருந்தாங்க?”

“எனக்கு யாரும் எழுதல.”

“ஒருத்தர்கூடவா?”

கேலி பிடிக்காத ஆள் என்று அப்போதே எனக்குப் பெயர். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ச்சுவரில் மற்றவர்களுடையது இருந்தது. அப்பா அவற்றையெல்லாம் நின்று நிதானமாகப் படித்தார், எங்கோ என்னுடையது இருக்கும் என்று நினைத்து. பிறகு இருவரும் போய் மீன் சாப்பிட்டோம்.

நீவெஸிடம் இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்தது, அதனால்தான் என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

பிரெஸ்ஸனீன் தூரின்காரர். அங்கே பாப்பிரோ வழக்கம் கிடையாது. ஆக, அவருக்கும் யாரும் எழுதியதில்லை.

எழுதினால் என்ன?

29ஆம் தேதி காலை, பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரும் மேயரும் மாலையும் கையுமாக வரும்போது, எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு. உண்மை முழுவதும். பெயர், ஆண்டு, வாக்கியம், பூனை. பாப்பிரோவில் இருப்பதற்காக யாரும் யார்மேலும் வழக்குப் போடுவதில்லை. அது இந்த ஊர் மரபு. மரபைத்தானே கொண்டாடுகிறார்கள்?

உட்கார்ந்ததும் வரிகள் கொட்டின.

*பிரெஸ்ஸனீன் என்றொரு பேராசிரியர்,*
*பிறர் பறித்த பழத்துக்குப் பெயர் சூட்டியவர்.*
*பூனைக்கு நன்றி சொல்லும் பொன்மனம் கொண்டவர்,*
*பிள்ளையின் எழுத்தைப் பசியாறத் தின்றவர்.*

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கப்போகிறேன்.

மார்ச் 14, வியாழன்

விழாவுக்காகப் படிக்கட்டைச் சுத்தம் செய்கிறார்கள். முற்றத்தின் மூலையில் சாரம், திரைத்துணி, தூசி. காவலறையிலிருந்து காவலாளி ஒரெஸ்தே கூவினான் (பட்டம் வாங்கியவன் எல்லாம் இங்கே டாக்டர்தான்): “டாக்டரே, உங்க படிக்கட்டுக்கு ஃபேஷியல் நடக்குது.”

உங்கள் படிக்கட்டு என்று அவன் சும்மா சொன்னதுதான். எனக்கு அது சும்மா இல்லை.

சீரமைப்புப் பணிக்குப் பொறுப்பு ஃபோஸ்கா சென்னாரோ என்ற கட்டடக்கலைஞர். மீனவர் ஊரான கியோஜ்ஜாக்காரி, படகுத்துறையில் பேசுகிற குரல். பற்றவைக்காத சிகரெட் ஒன்று எப்போதும் உதட்டில். என் ஆய்வேட்டைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. பிரெஸ்ஸனீனின் புத்தகம் சாரத்தின்மேல் கிடந்தது, பக்கங்களுக்கு நடுவே காகிதத் துண்டுகளோடு.

“அழகா எழுதியிருக்காரு இல்ல, டாக்டர்? அந்த மொத வரி. கல்லூரிலயே மனப்பாடம் பண்ணினேன்.”

ஆமாம் என்றேன்.

மார்ச் 16, சனி

கேலிச்சித்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. மூக்கு மட்டும் அவருடையது மாதிரியே இருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

நிதானமாக எழுதவேண்டும்.

பிற்பகலில் ஃபோஸ்கா கூப்பிட்டாள். “டாக்டர், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. தலையக் குனிங்க. இதை நீங்க பாக்கணும், வேற யாருக்கும் இன்னும் சொல்லல.”

கீழ்ப்படிகளின் ஓரத்தில், சுவரை ஒட்டி ஆடிக்கொண்டிருந்த செங்கற்களை எடுத்திருந்தார்கள். பின்னால் முற்றத்துச் சுவர். சுவரில் வண்ணம். அவள் விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். நீலக் கேடயம், அதில் மூன்று மீன். படித்து முடித்த மாணவர்கள் சுவரெல்லாம் வரைந்துவைத்துப் போன குலச்சின்னங்களில் ஒன்று. பாதி வெளியே, மீதி படிகளுக்குப் பின்னால். கீழே பெயரும் ஆண்டும்: 1611.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாதவன்போல நின்றேன்.

“படி மொதல்லயே இருந்திருந்தா, இந்தப் பையன் செங்கல்லுக்குள்ள பூந்து வரைஞ்சிருக்கணும்” என்றாள். “சுவர் மொதல்ல. படம் அப்புறம். படி அதுக்கும் அப்புறம். விடுதியும் இல்ல, நண்டும் இல்ல. விடுதிய இடிச்சு ஒரு தலைமுறை போனப்புறம்தான் இந்தப் பையன் படிக்கவே வந்திருக்கான்.”

“செங்கல் பழசு...”

“செங்கல் பழசுதான். இடிச்ச விடுதியோட செங்கல்ல எடுத்துக் கட்டியிருக்காங்க. நம்ம ஊர்ல எவன் நல்ல செங்கல்லத் தூக்கிப் போட்டான்? ப்ரொபசர் செங்கல்லப் பாத்தாரு, சுவரைப் பாக்கல.”

ப்ரொபசர் சுவரைப் பார்க்கவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷம். தொலைந்தார் கிழவர். எண்பதாவது பிறந்தநாளில், ரெக்டர் முன்னால், மேயர் முன்னால். முற்றத்தைக் கடந்து தெருவுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

பாலத்தருகில்தான் நின்றேன்.

செங்கல்லைப் பார்த்தது அவர் இல்லை.

மார்ச் 20, புதன்

தூங்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

மார்ச் 21, வியாழன்

மேலும் தோண்டியிருக்கிறார்கள். படி முடிகிற இடத்தில், சுவருக்குள், மண்குழாய். அதற்கு மேலே ஒரு காலத்தில் ரெக்டரின் அறை. ஃபோஸ்கா எல்லார் முன்னாலும் விளக்கினாள். ரெக்டருடைய சொந்தக் கழிப்பிடம் அது. கழிவுப் பானை சுமக்கிறவர்கள் பெரிய படிக்கட்டில் விருந்தாளிகளை இடிக்காமல் இறங்குவதற்குக் கட்டிய பின்வழி. வளைவு குறுகியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. முற்றம் கட்டிய காலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தை விற்கவில்லை. இடம் அங்கே முடிந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒரெஸ்தேயால் சும்மா இருக்க முடியுமா?

“டாக்டரே, வர்றவங்கள்லாம் கக்கூஸ் எங்கன்னுதானே கேப்பாங்க?”

“ஆமா.”

“நேரா அங்கதான் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. இத்தனை வருஷமும் சரியாத்தான் வேலை பாத்திருக்கீங்க.”

நீவெஸ்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் வலித்தது.

கல்வி இங்கே மதுக்கடைக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறது. எதற்கு வழிவிட்டது? இருபத்துநாலு வயதில் என்னைவிடப் புத்திசாலி இந்த ஊரில் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒன்றை வைத்துத்தான் பிழைத்தேன். கல்யாணம் முறிந்தபோது, பள்ளிப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப்போலப் பேசிக்காட்டியபோது, பரவாயில்லை, நான் ஒரு விஷயத்தைப் பார்த்தவன், அதை என்னிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வேன். திருடுவதற்கு அங்கே என்ன இருந்தது?

பிரெஸ்ஸனீன் பாப்பிரோ சுருட்டி அலமாரிமேல் இருக்கிறது. அதை ஒட்டினால் ‘அந்தக் கழிப்பிடத்தை மதுக்கடை என்று சொன்னவன் நான், நான், நான்’ என்று ஊரைக் கூட்டிச் சொன்னமாதிரி.

ஒட்டாவிட்டால் அவமானம் அவருக்கு. அதுதான் நியாயம். எடுத்தவர் அனுபவிக்கட்டும்.

மார்ச் 25, திங்கள்

பிரெஸ்ஸனீனே கூப்பிட்டார். காய்கறிச் சந்தைக்கு எதிரே, வளைவுகளுக்குக் கீழே ஒரு பழைய ஒயின் கடை. தொப்பி, கைத்தடி, என்னைவிட நேரான முதுகு. எனக்கு ஐம்பத்துநாலு. இன்னும் தம்பிதான்.

“உக்காரு தம்பி. உனக்கும் வெள்ளை ஒயின் சொல்லிட்டேன்.”

எனக்கு ஒயின் ஆகாது. குடித்தேன்.

மீன் உருண்டையைக் குச்சியில் குத்தி எடுத்துச் சாப்பிட்டு முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், சந்தையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அந்தப் படிக்கட்டு யோசனை. மொதல்ல சொன்னது நீதானே?”

எத்தனை இரவுகளில் இந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்துக் கேட்டிருக்கிறேன். பதிலும் தயாராக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மெருகேற்றியது. கேள்வி வந்த நாள் எப்படிப்பட்ட நாள் பாருங்கள்.

“ஞாபகம் இல்ல ப்ரொபசர்” என்றேன். “உங்க புத்தகத்துல படிச்சதாத்தான் ஞாபகம்.”

இப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“நிச்சயமா?”

“மொத வரியே அதுதானே. அழகான வரி.”

“நீ எப்பவும் இப்படித்தான்” என்றார். “கொடுக்கும்போது வாங்கிக்கத் தெரியாது. பிச்சைக்காரன்கூடக் கையை நீட்டுவான்.”

கொடுத்தாராம். எதைக் கொடுத்தார்? என்றைக்குக் கொடுத்தார்? சாக்கடையை நீட்டி, வாங்கிக்கொள் என்கிறார். அவர் போனபிறகும் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அந்த எண்ணம் வீடு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை.

மார்ச் 27, புதன்

ஜியாதாவின் பட்டம். தலையில் மாவு, முட்டை, அதன்மேல் லாரல் இலைவளையம். நண்டு வாசலுக்கு எதிரே ஒரு மர நாற்காலிமேல் நிறுத்தியிருந்தார்கள். என் வரிகளைச் சத்தமாகப் படித்தாள். பூக்கடை வரியில் தடுமாறினாள். குடி குடி என்று கத்தினார்கள். குடித்தாள். அத்தை ஒருத்தி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முதல் காதலனே வந்திருந்தான். தன் பெயர் வந்த இடத்தில் குனிந்து வணங்கினான்.

தன் முட்டாள்தனம் அத்தனையையும் தானே கூவிப் படிக்கிறாள். ஒருவரும் அவளைக் குறைவாக நினைக்கவில்லை. மேலே அவள் பெயர் ஒரு முழ உயரத்துக்கு.

எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்பது வழக்கம் இல்லை.

மார்ச் 29, வெள்ளி

கறுப்புக் கோட்டு. பெரிய மண்டபம். ரெக்டர், மேயர், கூட்டம், மலர்கள். நான் சுவரோரம் நின்று வருகிறவர்களுக்கு இருக்கை காட்டினேன்.

படிக்கட்டுக்குப் பெயர் சூட்டவில்லை. கழிப்பிடத்துக்கு எப்படிச் சூட்டுவது? ஆனால் பளிங்கு செதுக்கியாயிற்றே. நூலகத்தின் படிப்பறைக்குச் சூட்டிவிட்டார்கள். ‘படிக்கட்டு’ என்ற சொல்லைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை மெருகிட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பள்ளம் தெரிகிறது.

பிரெஸ்ஸனீன் பேச எழுந்தார். காகிதம் இல்லை. நான் இவருக்காகத் தூக்கம் கெட்டேனே, இவர் எப்படி மாட்டிக்கொண்டு விழிக்கப்போகிறார் என்று பார்க்க முன்னால் இரண்டடி நகர்ந்துகூட நின்றேன்.

“நண்பர்களே, நான் உங்களை எல்லாம் இத்தனை வருஷமா கழிப்பிடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்னு எல்லாரும் சொல்றாங்க.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

“உண்மையச் சொல்றேன். அந்த யோசனை என்னோடது இல்ல. என் மாணவன் ஒருத்தன் கொண்டுவந்தான். ஆர்வமான பையன், கொஞ்சம் அவசரக்காரன். நான் அவனை நம்புனேன். ஆசிரியன் செய்யக்கூடாத தப்பு அது ஒண்ணுதான், மாணவனை நம்புறது. திரும்பவும் ஒரு வாய்ப்புக் கிடைச்சாலும் அதே தப்பைத்தான் செய்வேன்.”

எழுந்து நின்று கை தட்டினார்கள். ரெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

நீவெஸ் என் காதருகில் கேட்டாள்: “யாரு அந்தப் பையன்? பாவம், எங்க இருக்கானோ.”

நான் ஒரு கிழவிக்கு இருக்கை காட்டப் போனேன்.

மார்ச் 31, ஞாயிறு

மாணவன் ஒருத்தன்.

பாராட்டு இருந்தவரைக்கும் என் பெயர் இல்லை. சரி. பழி வந்தபோதாவது? பழியிலும் பெயர் இல்லை. ‘ஒருத்தன்.’ பூனைக்குப் பெயர் உண்டு. அவர் கேட்டார், நான் மறுத்தேன் என்கிறார்களா? மறுத்தேன்தான். ஆனால் அவருக்குத் தெரியும். மேடையில் நின்று நான் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, ‘ஒருத்தன்’ என்றார்.

தப்பு என்னுடையது. அந்தக் குறுகிய வளைவின் முன்னால் நின்றது என் கால். செங்கல்லை அளந்தது என் கை. சுவரைப் பார்க்காமல் விட்டது என் கண். அந்த வாக்கியம், பொய்யான வாக்கியம், இந்த ஊரில் யாரும் எழுதாத அழகோடு நான் எழுதியது. ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது. பெர்காமோக்காரி கேட்டாளே, கண்டுபிடித்தது என்ன என்று? தப்பாக ஒன்றைக் கண்டுபிடித்தேன், மேடம். நான்தான்.

அந்தத் தப்பை நான் அவரிடம் விட்டுவைக்கப்போவதில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

நீவெஸிடம் ஜியாதாவின் தோழி ஒருத்தியின் தொலைபேசி எண்ணை வாங்கினேன், சித்திரம் போடுகிறவள்.

“யாருக்குப் பாப்பிரோ?” என்று கேட்டாள் நீவெஸ். “ஏப்ரல்ல யாருக்கும் பட்டம் இல்லியே.”

“ஒரு பழைய மாணவனுக்கு. தாமதமாயிருச்சு.”

“நமக்குத் தெரிஞ்ச ஆளா?”

“நல்லாத் தெரிஞ்ச ஆளுதான். கேலி பிடிக்காதவன்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணை எழுதித் தந்தாள். போகும்போது மட்டும் சொன்னாள்: “மூக்கைப் பெருசாப் போடச் சொல்லு.”

ஏப்ரல் 2, செவ்வாய்

முடிந்தது. ஆளுயரக் காகிதம். சித்திரத்தில் நான் கையில் அளவுநாடாவோடு ஒரு கழிப்பிடத்தின் முன்னால் மண்டியிட்டிருக்கிறேன், கோயிலுக்கு முன்னால் மண்டியிடுகிறவன் மாதிரி. மூக்கு பெரிது. பின்னால் ஒரு பேராசிரியர் என் கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தோளில் பூனை.

வரிகளில் ஒரு பகுதி:

*மாரங்கோன் சில்வானோ, மாபெரும் அறிஞன்,*
*மலக்குழாய்ப் படியை மதுக்கடை என்றவன்.*
*திருடினார் ஒருவர், திருடருக்கே நஷ்டம்;*
*திறந்தால் உள்ளே ரெக்டரின் கஷ்டம்.*

*சுவரைப் பார்க்கச் சொன்னால் செங்கல்லைப் பார்த்தான்,*
*சொன்னதை மறைத்தே சோறின்றி வேர்த்தான்.*
*பெயரைக் கேட்டபோது பேசாமல் இருந்தான்,*
*பிழையே ஆனாலும் இதோ, கேட்டு வந்தான்.*

கடைசி வரியில் தளை தட்டுகிறது. திருத்தப்போவதில்லை.

படிக்கட்டு, பூனை, வாக்கியம், ஆண்டு எல்லாம் இருக்கின்றன. அப்பா சுவர் முழுக்கத் தேடியதும் ஒரு மூலையில் இருக்கிறது, இரண்டு வரியில். நாளைக் காலை முதல் குழு வருவதற்கு முன்னால் எதிர்ச்சுவரில் ஒட்டிவிடுவேன். ஒரெஸ்தே முதலில் படிப்பான். முற்றம் முழுக்கக் கேட்கும்படி படிப்பான். பிறகு என்னை நாற்காலிமேல் ஏற்றிப் படிக்கச் சொல்வார்கள். தடுமாறினால் குடிக்கவேண்டும். ஒயின் எனக்கு ஆகாது.

பசை கலக்கியாயிற்று. பெயர் மேலே, ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. கீழே கையெழுத்துப் போடப்போவதில்லை.